ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா? – வாசகர் கேள்வி, பதில்

போன இதழில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். கையில் காசும் லீவும் கிடைத்தால் எங்கே போவீர்கள், உங்கள் ஊரிலேயே இதுவரை பார்க்காதது எது? முதல் பாதிக்குப் பதில் குவிந்துவிட்டது. சுவிட்சர்லாந்து, பாரிஸ், பாலி, ஐஸ்லாந்து, ஒருவர் அண்டார்டிகாகூட எழுதியிருந்தார். இரண்டாம் பாதியை முக்கால்வாசிப் பேர் தொடவே இல்லை, தொட்டவர்களும் "எங்க ஊர்ல என்ன சார் இருக்கு" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். பதில் கேட்டால் திருப்பிக் கேள்வி அனுப்பியவர்களும் உண்டு. அந்தக் கேள்விகளில் சிலதுதான் இந்த இதழில். பெயர் போட வேண்டாம் என்று பலர் சொன்னதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 25 வயது. மன்னார்குடி பக்கம் கிராமம். தனியார் கம்பெனியில் வேலை. சுவிட்சர்லாந்து போக வேண்டும் என்பது காலேஜ் நாளிலிருந்து கனவு, மாதம் கொஞ்சமாகச் சேர்த்து வருகிறேன். அப்பாவிடம் சொன்னால் "ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா, நம்ம ஊர்ல இல்லாததா அங்க இருக்கு" என்கிறார். எங்கள் ஊரில் வயல், வாய்க்கால், மறுபடி வயல். அவ்வளவுதான். என் ஆசை தப்பா? – மன்னார்குடி

பதில்: தப்பே இல்லை தம்பி, போய்விட்டு வாருங்கள். அப்பா சொல்கிற பழமொழியைச் சொல்லித்தான் நானும் வளர்ந்தேன், எனக்கு மாயவரம் (மாயூரம், இன்றைய மயிலாடுதுறை) பக்கம்தான். ஆனால் அதை முதலில் சொன்ன ஆள் ஒரு பத்து ஊராவது சுற்றிவிட்டு வந்துதான் சொல்லியிருப்பார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. திண்ணையை விட்டு இறங்காமல் சொன்னால் அது பழமொழி இல்லை, சோம்பல்.

நம் ஊரில் இல்லாதது அங்கே நிச்சயம் இருக்கிறது. யுங்ஃபிராவ் மலைப் பக்கம் 3,454 மீட்டர் உயரத்தில் ஒரு ரயில் நிலையம் வைத்திருக்கிறார்கள், மலையைக் குடைந்து 1912இலேயே அங்கே ரயில் விட்டுவிட்டார்கள். நம் டெல்டாவில் ஏறிப் பார்க்க உயரமான இடம் என்றால் ஆற்றுப் பாலத்தைத்தான் சொல்ல வேண்டும். அதனால் ஆசையை விடாதீர்கள். சுவிட்சர்லாந்து உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குச் சேர்த்துத் தருகிற ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்களுக்கான கட்டணத்தை 2024 ஜூனில் 90 யூரோ ஆக்கினார்கள், விசா தராமல் நிராகரித்தாலும் அந்தப் பணம் திரும்ப வராது. வங்கிக் கணக்கு, லீவு கடிதம், தங்குமிடம், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

ஆனால் "வயல், வாய்க்கால், மறுபடி வயல்" என்று எழுதினீர்களே, அங்கேதான் உங்களோடு எனக்குச் சண்டை.

சில வருடங்களுக்கு முன் ஒரு குரூப் டூரில் நானும் ஐரோப்பா போனேன். பத்து நாளில் ஆறு நாடு என்று அலைய விடுகிற வகை. சுவிட்சர்லாந்தில் ஒரு புல்வெளி ஓரம் பஸ்ஸை நிறுத்தினார்கள். எங்களோடு வந்த தஞ்சாவூர்க்காரர் ஒருவர், ரிட்டயர்ட் ஆபீசர், அங்கே நின்ற ஒரு பசுவைக் கால் மணி நேரம் பார்த்தார். கழுத்து மணி எத்தனை கிலோ, ஒரு வேளைக்கு எத்தனை லிட்டர் கறக்கும், பனிக்காலத்தில் எங்கே கட்டுவார்கள் என்று கைடைக் குடைந்து எடுத்துவிட்டார். அவர் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் நாலு மாட்டுக் கொட்டகை இருப்பது எனக்குத் தெரியும், ஒரு நாளும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார். காசு கட்டிப் போனால் கண் தானாகத் திறந்துகொள்கிறது. அவரைக் குறை சொல்லவில்லை, நான் அந்தப் பசுவைப் பன்னிரண்டு போட்டோ எடுத்தேன்.

அந்தக் கண்ணை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் வாய்க்காலுக்குக் கடன் கொடுங்கள். ஆற்றில் தண்ணீர் போகிற மாதமாகப் பார்த்து, பைக்கில் தண்ணீரை எதிர்த்துப் போங்கள். உங்கள் மன்னார்குடியை ஒட்டி ஓடுவது பாமணியாறு. அது எங்கிருந்து வருகிறது? நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பிரிகிறது. கோரையாறும் அங்கேயேதான் பிரிகிறது, ஷட்டர் பலகைக்குக் கீழே தண்ணீர் நுரைத்துக்கொண்டு மூன்று பக்கம் போவதை நின்று பார்க்கலாம். வெண்ணாறு எங்கிருந்து? கல்லணையிலிருந்து. அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீரை நாலாகப் பங்கு வைக்கிறார்கள். கல்லணைக் கால்வாய் மட்டும் நம் தாத்தா காலத்தது, 1934, மேட்டூர் அணை வந்த அதே வருடம். மற்ற ஏற்பாடு கரிகாலன் பெயரில் வழங்குவது. ஆழம் காண முடியாத ஆற்று மணலில் அஸ்திவாரம் போடுகிற வித்தையைக் கல்லணையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம் என்று 19ஆம் நூற்றாண்டில் இங்கே வேலை பார்த்த ஆங்கிலேய இன்ஜினியர் ஆர்தர் காட்டனே ஒப்புக்கொண்டிருக்கிறார். கல்லணையிலிருந்து உங்கள் வயல் மடை வரைக்கும் அந்தத் தண்ணீரை ஏற்றி இறக்க ஒரு மோட்டார் கிடையாது. நிலம் கடலைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத சாய்வு, அதை நம்பித்தான் இத்தனை ஆறும் வாய்க்காலும். தட்டையாக இருக்கிறதே என்று நீங்கள் சலித்துக்கொள்கிற ஊர் உண்மையில் தட்டை இல்லை.

திரும்பி வரும்போது தஞ்சாவூர் சாலையில் வடுவூர் ஏரியில் இறங்குங்கள். அதுவும் மேட்டூர்த் தண்ணீர்தான். நவம்பர், டிசம்பர் என்றால் பறவைகள் இருக்கும். இவ்வளவும் முடித்த பிறகும் சுவிட்சர்லாந்து போக வேண்டும் என்றுதான் தோன்றும். தோன்றட்டும், அப்பாவையும் பைக்கில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனால் பாதி வழியில் அவரே "எவ்வளவுடா சேர்த்திருக்கே" என்று கேட்டாலும் கேட்பார்.

கேள்வி: இக்கரைக்கு அக்கரை பச்சை. இதைத்தானே எல்லோருக்கும் பதிலாக எழுதப் போகிறீர்கள்? – அணைக்கரை

பதில்: எழுதலாம் என்றுதான் இருந்தேன், முந்திக்கொண்டீர்கள். ஆனால் கொள்ளிடக்கரையில் குடியிருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே, உங்களுக்கு இக்கரையும் பச்சை, அக்கரையும் பச்சை, நடுவில்தான் மணல். அதையும் லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனதில் எவ்வளவு மிச்சம் என்பது உங்களுக்கே தெரியும். 1836இல் கட்டிய கீழணை உங்கள் வாசலில் இருக்கிறது. அதைத் தாண்டி அக்கரைக்குப் போனால் கங்கைகொண்ட சோழபுரம். போய்ப் பார்த்துவிட்டு எந்தக் கரை அதிகப் பச்சை என்று எழுதுங்கள், போடுகிறேன்.

கேள்வி: எனக்கு 54 வயது. கும்பகோணத்தில் பிறந்து கும்பகோணத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். சென்னை, திருப்பதி தாண்டியதில்லை. மதியம் அடுப்படி வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் போனில் வெளிநாட்டு ஊர்களாகப் பார்ப்பேன். வெனிஸ் நகரத்தில் தெருவே தண்ணீராக இருப்பதை எத்தனை தடவை பார்த்தாலும் அலுப்பதில்லை. வீட்டுக்காரர் "ரிட்டயர் ஆகட்டும், பார்ப்போம்" என்று பத்து வருடம் சொன்னார். ரிட்டயரும் ஆகிவிட்டார். இந்த வயதில் இப்படி ஆசைப்படுவது பேராசையா? – கும்பகோணம்

பதில்: ரிட்டயர் ஆகி எத்தனை வருடம் என்று எழுதவில்லையே சகோதரி!

பேராசை இல்லை. முதல் வேலையாக பாஸ்போர்ட் எடுங்கள். 36 பக்கப் புத்தகம், சாதாரண முறையில் 1,500 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். அவசரம் இல்லை என்பதால் தத்கால் வேண்டாம். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், நம் ஊர்ப் பெண்களுக்கு ஆதாரில் ஒரு இனிஷியல், பள்ளிச் சான்றிதழில் ஒரு இனிஷியல், ரேஷன் கார்டில் வேறொன்று என்று இருக்கும். அதை முதலில் சரி பண்ணாவிட்டால் நாலு தடவை அலைய விடுவார்கள். என் மனைவி அலைந்தாள், அதனால் சொல்கிறேன். பாஸ்போர்ட் பீரோவில் வந்து உட்கார்ந்துவிட்டால் வீட்டில் பேச்சு மாறும். "எதற்கு" என்பது போய் "எங்கே" என்று ஆகும்.

எங்கே என்றால், வெனிஸ் வரை போக இப்போதைக்குக் கை எட்டாவிட்டால், நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் இருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் திரும்ப ஓடியது. நாலு மணி நேரம்போலக் கடலில். நீங்கள் சென்னைக்கு பஸ்ஸில் போகிற நேரத்தைவிடக் குறைவு. மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள், அதனால் விசாரித்துவிட்டு டிக்கெட் போடுங்கள், இலங்கைக்கான அனுமதியை ஆன்லைனில் முன்னமே வாங்கிவிடுங்கள். யாழ்ப்பாணத்தில் இறங்கினால் எல்லா போர்டும் தமிழில் இருக்கும், ஆனால் வெளிநாடு. அந்த வேடிக்கையை நீங்கள் ஒருமுறை அனுபவிக்க வேண்டும்.

வெனிஸைப் பற்றி ஒரு தகவல். ஒரு நாள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களிடம் கூட்டமான நாட்களில் 5 யூரோ நுழைவுக் கட்டணம் என்று 2024 ஏப்ரலில் ஆரம்பித்தார்கள். அவ்வளவு கூட்டம், ஊர்க்காரர்களே தாங்க முடியவில்லை என்கிறார்கள். 2028 மகாமகத்தன்று கும்பகோணத்து எல்லையில் மேஜை போட்டு உட்கார்ந்து ஆளுக்கு ஐநூறு கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், வெனிஸ்காரர்களின் கஷ்டம் உங்களுக்குத்தான் சரியாகப் புரியும்.

அப்புறம் அந்த மதிய ஒரு மணி நேரம். வாரத்தில் ஒரு நாள் போனை வைத்துவிட்டு தாராசுரத்துக்கு டவுன் பஸ் ஏறுங்கள். வெயில் தாழ்ந்து, நடை திறந்திருக்கிற நேரமாக. "அது நான் நூறு தடவை போன கோயில்" என்பீர்கள். சாமி கும்பிடப் போயிருப்பீர்கள். இந்தத் தடவை சாமியைக் கடைசியில் பாருங்கள். ஒரு இடத்தில் காளையும் யானையும் எதிரெதிராக நிற்கும், இரண்டுக்கும் சேர்த்துச் செதுக்கியது ஒரே தலை. உள்ளங்கையால் காளையின் உடம்பை மறைத்தால் யானை, யானையின் உடம்பை மறைத்தால் காளை. காளையின் தலையாகத் தெரிந்த கோடுகளே கையை மாற்றியதும் யானைக்குப் போய்விடும். இரண்டாம் ராஜராஜன் காலத்துச் சிற்பி, 12ஆம் நூற்றாண்டு. சுவரில் அறுபத்துமூவர் கதைகளைச் சின்னச் சின்னக் கல் பலகைகளாக வரிசையாக வைத்திருக்கிறார்கள். குனிந்து பார்க்க வேண்டும், அதனால்தான் யாரும் பார்ப்பதில்லை. முட்டி வலி இருந்தால் ஒரு நாளைக்கு ஐந்து போதும், கோயில் எங்கேயும் போய்விடாது.

இதனால் வெனிஸ் ஆசை தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. தீராது.

கேள்வி: தஞ்சாவூர் பெரிய கோயில் கோபுர நிழல் தரையில் விழாது என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். ஸ்கூல் டூர் போனபோது பார்க்க மறந்துவிட்டேன். உண்மையா? நான் ஒன்பதாம் வகுப்பு. – திருவாரூர்

பதில்: விழும் கண்ணு. நன்றாக, நீளமாக விழும். சாயங்காலம் நாலரை மணிக்குப் போனால் அந்த நிழலிலேயே உட்கார்ந்து தண்ணீர் குடிக்கலாம். 216 அடி உயரக் கல் கட்டடம், மேலே சூரியன், நிழல் எங்கே போய்விடும்? உச்சி வெயிலில், சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்கிற நாட்களில், நிழல் அகலமான அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும், அதைப் பார்த்துவிட்டு யாரோ கிளப்பிவிட்டது. எனக்கும் பள்ளியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் நாற்பது வயது வரை வெளியூர்க்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒரு நாளும் அண்ணாந்து பார்த்ததும் இல்லை குனிந்து பார்த்ததும் இல்லை. ஊர்ப் பெருமை பேசுகிறவர்களில் பாதிப் பேர் என் கேஸ்தான்.

நிஜமான ஆச்சரியம் வேறு இருக்கிறது. தஞ்சாவூரைச் சுற்றி அந்த மாதிரிக் கருங்கல் மலை கிடையாது, அவ்வளவு கல்லும் வெளியிலிருந்து வந்தது. 1010இல் வேலையை முடித்துவிட்டார்கள். சுவரில் ராஜராஜன் வெட்டி வைத்த கல்வெட்டில், கோயிலுக்காகப் பல ஊர்களிலிருந்து கூட்டி வந்த 400 ஆடல் பெண்களின் பெயர்கள் இருக்கின்றன, யார் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு என்பது வரைக்கும். உன் திருவாரூரிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. அடுத்த தடவை போகும்போது நிழலைப் பார்த்துவிட்டு அந்தச் சுவரையும் பார்.

கேள்வி: நாகப்பட்டினத்தில் ஆசிரியை. என் வகுப்பில் பெரும்பாலும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். பாடத்தில் ஐரோப்பா வரும்போதெல்லாம் "அங்கெல்லாம் நாம போக முடியுமா டீச்சர்" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒரே நாளில், குறைந்த செலவில் இவர்களை எங்கே கூட்டிப் போகலாம்? – நாகப்பட்டினம்

பதில்: ஐரோப்பாவில் யார் டீச்சர் உங்கள் ஊருக்கு வராமல் இருந்தார்கள்? முதலில் போர்ச்சுக்கீசியர், 1658இல் டச்சுக்காரர், 1781இல் ஆங்கிலேயர். வடக்கே போனால் காரைக்கால், 1954 வரை பிரெஞ்சுக்காரரிடம் இருந்தது. அதற்கும் வடக்கே தரங்கம்பாடி, அது டென்மார்க். காலை இட்லி சாப்பிட்டுவிட்டு வேன் பிடித்தால், கடலோரச் சாலையிலேயே ஐந்து நாட்டுக்காரர்கள் ஆண்ட மண்ணைத் தொட்டுவிட்டு, சாயங்காலம் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிடலாம்.

அதிக நேரம் தரங்கம்பாடிக்குக் கொடுங்கள். 1620இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் இடம் கொடுத்து டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. நாயக்கர் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய ஓலை இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. 1706இல் சீகன்பால்கு என்கிற ஜெர்மன் பாதிரியார் அந்தக் கரையில் வந்து இறங்கினார், வயது 23, தமிழில் ஒரு எழுத்துத் தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். ஒன்பது வருடத்தில், 1715இல், தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்து முடித்துவிட்டார். உங்கள் பிள்ளைகளையும் அந்த மணலில் உட்கார வைத்து அவர் எழுதியதை எழுதச் சொல்லுங்கள். வேண்டுமானால் டேனிஷ் மொழியில் நாலு வார்த்தை. 1845இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள் என்பதைக் கேட்டால் "ஊரை எப்படி டீச்சர் விப்பாங்க" என்பார்கள், நல்ல கேள்வி, நேரம் இருந்தால் பதில் சொல்லுங்கள்.

இன்னொன்று. இது எனக்கு நேர்ந்தது, கொஞ்சம் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். மேலே சொன்ன அந்த பத்து நாள் டூரில் நெதர்லாந்தும் உண்டு. ஆம்ஸ்டர்டாமிலிருந்து பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக "லெய்டன்" என்று ஒரு பெயர்ப் பலகையை வாசித்தேன். எங்கேயோ கேட்ட பெயராக இருந்தது, கைடைக் கேட்டேன், "நம்ம லிஸ்ட்ல இல்ல சார், அடுத்து டாய்லெட் ஸ்டாப்" என்றார். ஊருக்கு வந்து பழைய புத்தகத்தைப் புரட்டினால், அந்த லெய்டன் பல்கலைக்கழகத்தில்தான் அப்போது நம் ஆனைமங்கலம் செப்பேடு இருந்தது என்று தெரிந்தது. இந்தோனேசியாப் பக்கத்து ஸ்ரீவிஜய நாட்டு ராஜா உங்கள் நாகப்பட்டினத்தில் பௌத்தர்களுக்காக ஒரு விகாரம் எழுப்ப, அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்கிற ஊரின் வருமானத்தை எழுதி வைக்க, அதைச் சொல்லுகிற 21 செப்புத் தகடுகள், ஒரு பெரிய வளையத்தில் கோத்து ராஜேந்திரன் முத்திரை வைத்தது, 30 கிலோ எடை. டச்சுக்காரர்கள் கையோடு கொண்டுபோனது. பஸ் போன சாலைக்குப் பக்கத்தில் அது இருந்தது, நான் பஸ்ஸில் முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. லெய்டனைத் தவறவிட்டதற்கு இவ்வளவு வருத்தப்படுகிற நான் ஆனைமங்கலத்துக்கே போனதில்லை. அது கீழ்வேளூர் பக்கம், உங்களுக்குக் கூப்பிடு தூரம். போனேன். வயலும் வரப்பும் கொஞ்சம் தென்னையும்தான். டீக்கடையில் "இங்க பார்க்க ஒண்ணும் இல்லியே சார்" என்றார்கள். நான் வரப்பில் கொஞ்ச தூரம் நடந்தேன். அந்தச் செப்பேட்டில் ஊரின் எல்லையை எப்படி அளந்தார்கள் என்று இருக்கிறது, ஒரு பெண் யானையை நடக்கவிட்டு, அது சுற்றி வந்த வழியை எல்லையாகக் குறித்தார்கள். பிடி சூழ்ந்து என்று எழுதியிருக்கும். யானை நடந்த வரப்பு இதுவாக இருக்குமோ அதுவாக இருக்குமோ என்று ஒரு மணி நேரம் போய்விட்டது, செருப்பு முழுக்கச் சேறு.

பிள்ளைகள் "போக முடியுமா டீச்சர்" என்று கேட்டால் முடியும் என்று சொல்லுங்கள். அவர்கள் அப்பாக்கள் போகிற கடல்தான் அங்கேயும் போகிறது.

கேள்வி: பேராவூரணி பக்கம் ஊர். சிங்கப்பூரில் ஒன்பது வருடமாகக் கட்டட வேலை. ராத்திரி படுத்தால் ஊர் ஞாபகம்தான், தோப்பு, கயிற்றுக் கட்டில், அம்மா வைக்கிற கருவாட்டுக் குழம்பு. ஆனால் லீவில் வந்தால் பத்தாவது நாளே போர் அடித்து, எப்போது ஃபிளைட் என்று இருக்கிறது. எனக்கு என்ன ஆச்சு அண்ணே? – சிங்கப்பூர்

பதில்: ஒன்றும் ஆகவில்லை தம்பி. உங்கள் பக்கத்தில் இது பரம்பரை வியாதி. ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கியவர்கள் காலத்திலிருந்து இருக்கிறது. என் பெரியப்பா ஒருவர் அப்படிப் போனவர். அங்கே இருந்தபோது ஊரைப் பற்றியே பேசினாராம். ஊருக்கு வந்த பிறகு சாகிற வரைக்கும் சிங்கப்பூரைப் பற்றியே பேசினார்.

நீங்கள் நினைத்துக்கொண்டு படுக்கிற தோப்பு இப்போது இருக்கிறதா என்று யோசித்தீர்களா? 2018 நவம்பர் 16 கஜா புயலில் உங்கள் பக்கத்துத் தென்னை எப்படிப் போனது என்று தெரியும். நீங்கள் அப்போது அங்கே இருந்திருப்பீர்கள், போனில் பார்த்திருப்பீர்கள். மனசுக்குள் இருக்கிறது புயலுக்கு முந்தைய தோப்பு, லீவில் வந்து நிற்பது புதுக் கன்று வைத்து வளர்த்த தோப்பில். இரண்டும் ஒன்று இல்லை, அதனால்தான் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது. அப்புறம் அந்த முப்பது நாள் லீவு எதில் போகிறது என்றும் ஒரு கணக்குப் பாருங்கள். நாலு கல்யாணம், ரெண்டு காதுகுத்து, பேங்க், பத்திர ஆபீஸ், கொத்தனார் பாக்கி. போர் அடிக்காமல் என்ன செய்யும்.

அடுத்த லீவில் ஒரே ஒரு நாள், யாருக்கும் சொல்லாமல், அம்மாவைக் கூட்டிக்கொண்டு மனோரா போங்கள். மல்லிப்பட்டினம் பக்கம், உங்களுக்கு அரை மணிப் பயணம். எட்டு நிலை, கடலோரத்தில் தனியாக நிற்கும். ஐரோப்பாவில் நெப்போலியன் தோற்றதற்கு 1814இல் நம் தஞ்சாவூர் சரபோஜி ராஜா எழுப்பியது. எங்கேயோ யாரோ யாரையோ ஜெயித்ததற்கு இங்கே கோபுரம்! அம்மாவுக்கு இதை விளக்கிச் சொல்லிப் பாருங்கள், என்ன கேட்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள். கையில் கருவாட்டுக் குழம்பு கட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

கேள்வி: ஐஸ்லாந்தில் வானத்தில் பச்சையாக ஒளி ஆடுமே, அதைப் பார்த்துவிட்டுத்தான் சாவேன் என்று இருக்கிறேன். அது இருக்கட்டும். ஊரில் பார்க்காதது எது என்று எங்களைக் கேட்டீர்களே, நீங்கள் முதலில் சொல்லுங்கள். – சீர்காழி

பதில்: மாட்டிவிட்டீர்கள். வெளியூர் ஆசையில் நானும் உங்கள் கட்சி. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை, இரவு நீளமாக இருக்கும்போது போக வேண்டும் என்கிறார்கள், மேகம் போட்டால் அவ்வளவு செலவும் வீண். என் மனைவி மார்கழிக்கே மஃப்ளர் கட்டுகிறவள், அதனால் தனியாகத்தான் போக வேண்டியிருக்கும். நம் ஊர் மின்மினியைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது வேறு இது வேறு.

ஊரில் பார்க்காதது ஒன்று இருந்தது. வாய்க்காலில் புதுத் தண்ணீர் வருகிற முகம். அறுபத்தோரு வருடம் வாய்க்கால் கரையில் குடியிருக்கிறேன். வறண்ட வாய்க்காலைப் பார்த்திருக்கிறேன், ஓடுகிற வாய்க்காலைப் பார்த்திருக்கிறேன், இரண்டுக்கும் நடுவில் அந்தத் தண்ணீர் வந்து சேருகிற நிமிடத்தை மட்டும் பார்த்ததில்லை. மேட்டூரில் திறந்து, கல்லணை தாண்டி, எங்களுக்கு வரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு வருடமும் ஆபீஸில் இருப்பேன், இல்லை தூங்கிக்கொண்டிருப்பேன்.

இந்த வருடம் எதிர்வீட்டுத் தம்பியிடம் சொல்லி வைத்தேன். ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து கதவைத் தட்டினான். டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் வாய்க்காலுக்குள்ளேயே இறங்கி நின்றேன். முதலில் சத்தம்தான், பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த மண் தண்ணீரைக் குடிக்கிற உஸ் என்கிற சத்தம், தோசைக் கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி. நண்டு வளைகளிலிருந்து குமிழ் குமிழாக வந்தது. அதற்குப் பின்னால் நுரையும் சருகும் ஒரு ஒற்றைச் செருப்பும் முன்னால் தள்ளிக்கொண்டு, மனிதன் நடக்கிற வேகம்கூட இல்லாமல், பழுப்பாக ஒரு விளிம்பு வந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் நின்று, அதை நிரப்பிவிட்டு, அடுத்ததுக்குப் போனது. தெரு நாய் ஒன்று அதைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே பின்னால் பின்னால் போனது. என் கால்கிட்ட வந்து அது இரண்டாகப் பிரிந்தபோது நான் என்னமோ சொல்ல வாயைத் திறந்தேன்.

கரையிலிருந்து தம்பி சத்தம் போட்டான்: "அண்ணே, கொஞ்சம் ஓரமா நில்லுங்க, தண்ணி போகட்டும்."